சத்தம் போடாமல் செத்துப்போகும் சர்வர்கள்

கேள்வி இது. படிப்பை முடித்துவிட்டு ஒரு நடுத்தரக் கம்பெனியில் லினக்ஸ் சிஸ்டம் அட்மின் வேலை தேடும் ஒருவர் கேட்கிறார்: “இது ஃபயர் சர்வீஸ் மாதிரி வேலை, ராத்திரி பகல் பார்க்காமல் ஓட வேண்டியிருக்கும் என்று சீனியர்கள் பயமுறுத்துகிறார்கள். அன்றாடம் உண்மையிலேயே எரிச்சல் தருவது எது? பொதுவாகச் சொல்லாமல் உங்கள் சொந்த அபிப்பிராயத்தைச் சொல்லுங்கள்.”

உங்கள் சீனியர்கள் சொன்னதில் பாதிதான் சரி. சர்வர் மொத்தமாகப் படுத்துவிட்டால் ஓட வேண்டியதுதான். ஆனால் அந்த ஓட்டம் அப்படியொன்றும் கசக்காது. பிரச்சினை இருப்பது எல்லோருக்கும் தெரியும், மேனேஜரே மற்ற வேலைகளை ஓரம்கட்டச் சொல்வார், கேட்காமலேயே டீ வரும், சரிசெய்ததும் நாலு பேர் நன்றி சொல்வார்கள். எரிச்சல் தருவது வேறொரு ரகம். பழுதாகியும் பழுதானதைச் சொல்லாத சர்வர், தோற்றுப்போயும் ‘சக்சஸ்’ என்று எழுதிவைக்கும் ஸ்கிரிப்ட், உள்ளே ஒன்றுமே இல்லாத பேக்கப் ஃபைல். நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். இந்தத் தொழிலில் புகையே இல்லாமல் எரியும். எனக்கு வந்த தலைவலிகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான்.

சின்னதிலிருந்து ஆரம்பிக்கிறேன். டிஸ்க் நிறைந்துவிட்டது என்று அலர்ட் வருகிறது. டிஸ்க்கில் எவ்வளவு இடம் போயிருக்கிறது என்று காட்டும் டிஎஃப் (df) கட்டளையை அடித்தால் 100 ஜிபி பார்ட்டிஷன் முழுக்க நிரம்பியிருக்கிறது. எந்த ஃபோல்டர் தின்றது என்று பார்க்க டியு (du) கட்டளையை அடித்தால், எல்லாவற்றையும் கூட்டியும் 38 ஜிபிதான் வருகிறது. மீதி எங்கே? புதிதாக வந்தவர்கள் இந்த இடத்தில் அரை நாளைத் தொலைப்பார்கள்.

யுனிக்ஸில் ஃபைலின் பெயர் வேறு, ஃபைல் வேறு. ஃபைலை அழிக்கும் ஆர்எம் (rm) கட்டளையை அடித்தால் பெயர்தான் போகிறது. ஏதாவது ஒரு புராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம், அந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கும்வரை டேட்டா டிஸ்க்கிலேயே கிடக்கும். டியு பெயர்களைப் பிடித்துக்கொண்டு போய்க் கூட்டுகிறது. டிஎஃப் டிஸ்க்கில் நிரம்பிய பிளாக்குகளை எண்ணுகிறது. அதனால்தான் கணக்கு உதைக்கிறது. வழக்கமான குற்றவாளி, பழைய லாகுகளை (அப்ளிகேஷன் எழுதும் பதிவுகளை) அப்புறப்படுத்தும் லாக்ரொட்டேட். அது இரவில் லாக் ஃபைலுக்கு வேறு பெயர் வைத்து, சுருக்கி, சுருக்கிய பிறகு மூலத்தை அழித்துவிடும். இடையில் அப்ளிகேஷனிடம் ‘புது ஃபைலைத் திற’ என்று சிக்னல் கொடுக்க வேண்டும். கான்ஃபிகில் அந்த ஒரு வரியை யாரோ விட்டிருப்பார்கள். அப்ளிகேஷன் பாவம், பெயரே இல்லாத அந்தப் பழைய ஃபைலில் வாரக்கணக்கில் எழுதிக்கொண்டிருக்கும். எல்எஸ்ஓஎஃப் (lsof) கட்டளைக்கு +எல்1 (+L1) கொடுத்தால் இப்படிப் பெயரிழந்தும் திறந்தே கிடக்கும் ஃபைல்களின் பட்டியல் வந்துவிடும். அப்ளிகேஷனை ரீஸ்டார்ட் செய்தால் இடம் திரும்பக் கிடைக்கும். பகலில் ரீஸ்டார்ட் செய்ய விடமாட்டார்கள் என்றால் புராக் (/proc) ஃபோல்டருக்குள் அந்த புராசஸின் எஃப்டி (fd) ஃபோல்டரைத் திறந்து, அந்த எண்ணுள்ள ஃபைலை ட்ரங்கேட் செய்து, அதாவது உள்ளே இருப்பதை வெட்டிக் காலியாக்கிவிட்டு, ராத்திரிவரை மூச்சு விடலாம்.

இதைவிடக் குசும்பு பிடித்தது ஐநோடு. ஒவ்வொரு ஃபைலுக்கும் டிஸ்க்கில் வேண்டியிருக்கும் பதிவுச்சீட்டு அது. டிஸ்க்கில் இடம் இல்லை என்று எரர் வரும். டிஎஃப் பார்த்தால் 40 சதவீதம் காலி. டிஎஃப்புக்கு ஐ (-i) ஆப்ஷன் கொடுத்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்தை வழக்கமான செட்டிங்கில் உருவாக்கினால் 16 கேபிக்கு ஓர் ஐநோடு என்ற கணக்கில் ஒதுக்கும். 100 ஜிபிக்கு ஏறத்தாழ 65 லட்சம். அதற்குமேல் ஒரு பைட் ஃபைலைக்கூட உருவாக்க முடியாது, எவ்வளவு இடம் இருந்தாலும். யார் 65 லட்சம் ஃபைல் வைக்கப்போகிறார்கள் என்று கேட்காதீர்கள். டெபியன் லினக்ஸில், வெப்சைட்டுக்கு வருபவர்களுக்காக பிஎச்பி உருவாக்கும் செஷன் ஃபைல்களைப் பெருக்கித்தள்ள சிஸ்டமே ஒரு வேலையாளை வைத்திருக்கிறது. டெவலப்பர் தன் புரோகிராமுக்குள்ளேயே செஷன் ஃபைல்களுக்கு வேறொரு ஃபோல்டரைச் சொல்லிவிட்டால் அந்த வேலையாளுக்கு அது தெரியாது. அங்கே குப்பை சேர்ந்துகொண்டே போகும். அந்த ஃபோல்டரில் பட்டியல் கேட்டு எல்எஸ் (ls) அடித்தால் டெர்மினல் உறைந்து நிற்கும், அதிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம்.

டிஸ்க் விஷயத்தில் நம் நாட்டுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று போட்ட உத்தரவுப்படி சிஸ்டம் லாகுகளை 180 நாள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், சைபர் சம்பவங்களைத் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், சர்வர் கடிகாரங்களை அரசு அமைப்புகளான என்ஐசி, என்பிஎல் காட்டும் நேரத்தோடு பொருந்தும்படி வைத்திருக்க வேண்டும். இதில் எனக்கு எந்த மனஸ்தாபமும் இல்லை. ஏதாவது நடந்த பிறகு துப்புத் துலக்க லாக் இல்லாமல் முழித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் ஆபீசுக்குள் அந்த உத்தரவு ‘எந்த லாகையும் எப்போதும் அழிக்காதே’ என்று உருமாறிவிடுகிறது. டெவலப்பர் ஒரு பக் தேடுவதற்காக டீபக் லாகை ஆன் செய்து, பக்கைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் ஆஃப் செய்ய மறந்திருப்பார். அவருடைய ‘இங்கே வந்தேன்’, ‘இங்கேயும் வந்தேன்’ எல்லாவற்றையும் அரசாங்கத்தின் பேரால் அரை வருஷம் கட்டிக் காக்கிறோம்.

அடுத்தது கிரான், குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் புரோகிராம். ஒரு ஸ்கிரிப்டைக் கையால் ஓட்டினால் ஓடும். கிரானில் போட்டால் ஓடாது. கிரானுக்கு உங்கள் லாகின் சூழல் எதுவும் தெரியாது, கட்டளைகளைத் தேடும் பாத் என்பது இரண்டு ஃபோல்டருக்குள் முடிந்துவிடும். இதை ஒரு தடவை பட்டால் போதும், கற்றுக்கொள்ளலாம். அதற்குப் பிறகு மக்கள் செய்வதுதான் எனக்கு ஆகாது. எரர் வந்தால் கிரான் மெயில் அனுப்பும். மெயில் தொல்லையாக இருக்கிறது என்று வரியின் கடைசியில் எல்லா அவுட்புட்டையும், எதைப் போட்டாலும் விழுங்கிவிடும் டெவ் நல்லுக்கு (/dev/null) திருப்பிவிடுவார்கள். இனி அந்த ஸ்கிரிப்ட் என்ன ஆனாலும் யாருக்கும் தெரியாது. புதிதாகப் பொறுப்பெடுக்கும் ஒவ்வொரு சர்வரிலும் நான் முதலில் தேடுவது இந்தத் திருப்பிவிடலைத்தான். அது இருக்கும் இடத்தில் ஒரு பிரச்சினை புதைந்திருக்கும்.

நேர மண்டலமும் இங்கேதான் விளையாடும். சர்வர் யுடிசியில், அதாவது நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால், இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு ஓடட்டும் என்று யாரோ நினைத்துப் போட்ட கனமான வேலை நம் நேரத்துக்குக் காலை ஏழரைக்கு, சரியாக முதல் ஷிஃப்ட் உள்ளே வரும்போது, டேட்டாபேஸைப் பிடித்து உலுக்கும். நமக்கு நள்ளிரவு என்பது யுடிசியில் முந்தைய நாள் 18:30. அதனால் ‘நேற்றைய விற்பனை’ அறிக்கையில் நேற்றோடு வேறொரு நாளும் கலந்து வரும். எண்கள் பார்ப்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். எரர் கிடையாது. மாதக் கடைசியில் அக்கவுன்ட்ஸில் ஒரு அம்மா காகிதத்தில் கூட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, உங்க ரிப்போர்ட் தப்பு” என்று சொல்லும்வரை.

இப்போது பேக்கப். இதைப் பற்றிப் பேசாமல் யாராலும் இந்த வேலையைப் பற்றிப் பேச முடியாது.

ஒரு காட்சியை நெருங்கிப் பாருங்கள். டேட்டாபேஸ் டம்ப் (முழு நகல்) எடுக்கும் கட்டளை, அதன் அவுட்புட்டை பைப் வழியாக, ஃபைலைச் சுருக்கும் புரோகிராமான ஜிஜிப்புக்குக் கொடுத்து ஒரு ஃபைலில் எழுதுகிறது. ஊர் உலகத்தில் எல்லோரும் இப்படித்தான் எழுதுகிறார்கள். ஒருநாள் டம்ப் எடுக்கும் யூசரின் பாஸ்வேர்டு காலாவதியாகிறது. டம்ப் தோற்கிறது. ஆனால் கட்டளைகளை ஓட்டும் ஷெல்லைப் பொறுத்தவரை பைப்பின் கடைசிக் கட்டளை ஜெயித்தால் மொத்தமும் ஜெயித்த மாதிரி. ஜிஜிப்புக்கு என்ன தெரியும்? உள்ளே ஒன்றும் வரவில்லை, ஒன்றுமில்லாததை ஒழுங்காகச் சுருக்கிக் கொடுத்துவிட்டது. எக்ஸிட் கோட் பூஜ்யம், அதாவது வெற்றி. ஸ்கிரிப்ட் ‘பேக்கப் முடிந்தது’ என்று மெயில் அனுப்புகிறது. ஃபோல்டரில் தினம் ஒரு ஃபைல், தேதி போட்ட பெயரோடு, அழகாக வரிசை கட்டி நிற்கும். ஒவ்வொன்றும் 20 பைட். வெற்று இன்புட்டை ஜிஜிப் சுருக்கினால் வரும் அளவு அது. எல்எஸ் எல் (ls -l) அடித்துச் சைஸ் பத்தியைப் பார்த்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். ஃபைல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் மானிட்டரிங்குக்குத் தெரியாது. பாஷ் ஷெல்லில் பைப்ஃபெயில் என்று ஓர் ஆப்ஷன் இருக்கிறது. அதை ஸ்கிரிப்டின் தலையில் ஒரு வரியாகச் சேர்த்திருந்தால் ஸ்கிரிப்ட் அன்றைக்கே அலறியிருக்கும்.

இது சின்னக் கம்பெனிகளின் தலையெழுத்து என்று நினைக்க வேண்டாம். டெவலப்பர்கள் தங்கள் புரோகிராம்களை வைத்துக்கொள்ளும் கிட்லேப் தளத்தில் 2017 ஜனவரி 31 அன்று நடந்ததை அவர்களே விலாவாரியாக வெளியிட்டிருக்கிறார்கள். ரெப்ளிகேஷனில் (ஒரு டேட்டாபேஸை இன்னொரு சர்வரில் தொடர்ந்து நகலெடுப்பதில்) வந்த தகராறைச் சரிசெய்துகொண்டிருந்த இன்ஜினியர், இரண்டாவது டேட்டாபேஸ் சர்வரில் அழிக்க நினைத்த ஃபோல்டரை முதல் சர்வரில் அழித்துவிட்டார். ஓரிரு நொடியில் சுதாரித்து நிறுத்தியும் சுமார் 300 ஜிபியில் நாலரை ஜிபிதான் மிஞ்சியது. அது மனிதத் தவறு, அது இருக்கட்டும். எனக்குத் திகிலாக இருந்தது அதன் பிறகு வந்தது. தினசரி டம்ப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால், இருக்க வேண்டிய இடம் காலி. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6, டம்ப் எடுத்த டூல் 9.2. வெர்ஷன் பொருந்தாமல் அது தினமும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்லும் மெயில் போனதா என்றால், கிரான் அனுப்பிய அந்த மெயில்களை போலி மெயிலைத் தடுக்கும் டிமார்க் விதிப்படி கையொப்பம் இல்லை என்று மெயில் சர்வர் திருப்பித் தள்ளியிருக்கிறது. கடைசியில் காப்பாற்றியது, வேறு வேலைக்காக யாரோ ஆறு மணி நேரத்துக்கு முன் கையால் எடுத்து வைத்திருந்த ஓர் எல்விஎம் ஸ்னாப்ஷாட், அதாவது டிஸ்க்கின் அந்த நேரத்து நகல். கை தவறியவர் ஒருவர்தான். ஆனால் வாயை மூடிக்கொண்டு தோற்ற அமைப்புகள் வரிசையாக இருந்தன. எதை எழுதினால் மானம் போகும் என்று பார்க்காமல் அவ்வளவையும் எழுதி வைத்தார்களே, அதற்காகவே அந்தக் கம்பெனி மேல் எனக்கு மரியாதை. நம் ஊரில் நான் பார்த்த இடங்களில் இதே மாதிரி நடந்தால் ‘டெக்னிக்கல் இஷ்யூ’ என்ற இரண்டு வார்த்தையோடு ஃபைல் மூடப்படும்.

யுபிஎஸ்ஸும் இதே ஜாதிதான். முன்பக்கம் பச்சை விளக்கு, பேட்டரி 100 சதவீதம். சார்ஜரில் இணைத்தே கிடக்கும் பேட்டரியின் வோல்டேஜ் எப்போதும் நன்றாகத்தான் காட்டும். கரன்ட் போய் லோடு ஏறியதும் நாற்பது நொடியில் சரிந்துவிடும். லெட்-ஆசிட் பேட்டரியின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி கூடினால் ஏறத்தாழ பாதியாகும். 25 டிகிரியை வைத்துப் போட்ட ஆயுள் கணக்கைச் சென்னையில் மாடிப்படிக்கு அடியில், ஏசி இல்லாத அறையில் எதிர்பார்ப்பது நம் தப்பு. லோடு வைத்து டெஸ்ட் செய்தால்தான் உண்மை தெரியும். “அதுக்கு ஷட்டவுன் எடுக்கணுமே சார்” என்பார்கள். எடுக்கத்தான் வேண்டும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்து பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் போனபோது நகரத்து யுபிஎஸ்களுக்கெல்லாம் முன்னறிவிப்பில்லாமல் லோடு டெஸ்ட் நடந்தது.

(ஆயுத பூஜை பற்றி ஒரு வார்த்தை. ரேக்குக்குச் சந்தனம் குங்குமம் வையுங்கள், மாலையும் போடுங்கள், எனக்கும் அதில் நம்பிக்கைதான். விபூதியை மட்டும் முன்பக்கத்து ஃபேன் வழியில் தூவாதீர்கள். கற்பூரத்தை ஸ்மோக் டிடெக்டருக்குக் கீழே காட்டாதீர்கள்.)

சர்ட்டிஃபிகேட் விஷயத்தில் என் கருத்து பல நண்பர்களுக்குப் பிடிக்காது. வெப்சைட் நிஜமானதுதான் என்று பிரவுசருக்குக் காட்டும் டிஎல்எஸ் சர்ட்டிஃபிகேட்டின் ஆயுளைப் படிப்படியாகக் குறைக்க, சர்ட்டிஃபிகேட் கொடுப்பவர்களும் பிரவுசர் செய்பவர்களும் சேர்ந்த சிஏ/பிரவுசர் ஃபோரம் 2025 ஏப்ரலில் தீர்மானித்தது: 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். “மனுஷன் வேற வேலை பாக்க வேண்டாமா?” என்று அட்மின்கள் கொதிக்கிறார்கள். நான் இதை வரவேற்கிறேன். வருஷத்துக்கு ஒருமுறை செய்யும் வேலை யாருக்கும் மனப்பாடம் ஆகாது. வாங்கியவர் வேலையை விட்டுப் போயிருப்பார், நினைவூட்டல் மெயில் அவருடைய மூடப்பட்ட இன்பாக்ஸுக்குப் போகும். எரிக்சனின் மென்பொருளில் ஒரு சர்ட்டிஃபிகேட் காலாவதியானதில் 2018 டிசம்பர் 6 அன்று பிரிட்டனில் ஓ2, ஜப்பானில் சாஃப்ட்பேங்க் நெட்வொர்க்குகள் முடங்கின. 2020 பிப்ரவரி 3 அன்று மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் நின்றதும் இதே காரணத்தால்தான். 47 நாள் என்றால் கையால் செய்ய முடியாது, ஆட்டோமேஷன் போட்டே தீர வேண்டும். அது நல்லதுதானே.

ஆட்டோமேஷன் போட்டவர்களுக்கும் ஒரு குழி உண்டு. தானாகப் புதுப்பிக்கும் சர்ட்பாட் புது சர்ட்டிஃபிகேட்டை எடுத்து டிஸ்க்கில் வைத்துவிடும். வெப் சர்வரான எஞ்சின்எக்ஸை ரீலோட் செய்யச் சொல்லவில்லை என்றால் அது மெமரியில் இருக்கும் பழையதையே கொடுத்துக்கொண்டிருக்கும். டிஸ்க்கில் உள்ள ஃபைலைப் பார்த்து ‘இன்னும் இத்தனை நாள் பாக்கி’ என்று கணக்குச் சொல்லும் மானிட்டரிங் பச்சையாகவே இருக்கும். வாடிக்கையாளரின் பிரவுசர் சிவப்புத் திரை காட்டும். வெளியிலிருந்து 443 போர்ட்டைத் தட்டி, அங்கே என்ன சர்ட்டிஃபிகேட் வருகிறது என்று பார்ப்பதுதான் சோதனை. உண்மையில் என் அனுதாபம் வேறொருவருக்கு: பழைய ஃபயர்வால், கேமரா ரெக்கார்டர், கைரேகை வைக்கும் அட்டென்டன்ஸ் மெஷின் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்பவருக்கு. அவற்றில் சர்ட்டிஃபிகேட் மாற்ற ஒரே வழி, பாதி ஏற்றும் ஒரு வெப் பக்கத்தில் நாலு பட்டனை அழுத்துவது.

லினக்ஸில் சர்வீஸ்களை ஏற்றி இறக்கும் சிஸ்டம்டி (systemd) பற்றிய சண்டை உங்கள் காலத்தில் ஓய்ந்துவிட்டது. சிஸ்டம்டி 2010-இல் லெனார்ட் போய்ட்டரிங்கும் கே சீவர்ஸும் ஆரம்பித்தது. ரெட்ஹேட் 7, டெபியன் 8 வழியாக எல்லா இடத்துக்கும் வந்தது. பிடிக்காதவர்கள் டெபியனைப் பிரித்து டெவுவான் செய்தார்கள். பைனரி லாக், எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்கிறது என்ற புகார்களில் நியாயம் உண்டு. ஆனாலும் நான் அதன் பக்கம்தான். கிரானுக்குப் பதில் அதன் டைமர் போட்டால், கடைசியாக எப்போது ஓடியது, ஜெயித்ததா தோற்றதா, என்ன உளறியது என்று ஒரே இடத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். தோற்ற சர்வீஸ்களை மட்டும் பட்டியலிடச் சொன்னால் பட்டியலிடும். மறைக்காத டூல் எதுவோ அது எனக்கு நல்ல டூல்.

அதிலேயே மறைக்கவும் வழி இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. சர்வீஸ் விழுந்தால் தானாக எழுப்பு என்று செட் செய்யலாம். வழக்கமான செட்டிங்கில் 10 நொடிக்குள் 5 தடவைக்குமேல் எழுப்ப வேண்டியிருந்தால் சிஸ்டம்டி கைவிட்டுவிடும், நமக்கும் தெரியும். ‘ஒவ்வொரு தடவையும் 10 நொடி பொறு’ என்று ஒருவர் நல்லெண்ணத்தில் போட்டுவிட்டால் அந்த வரம்பைத் தொடவே தொடாது. மெமரி கசியும் அப்ளிகேஷன், கர்னல் அதைக் கொல்கிறது, சிஸ்டம்டி எழுப்புகிறது, திரும்பக் கசிகிறது. டேஷ்போர்டில் எந்நேரமும் ‘ரன்னிங்’. யூசர் மட்டும் “அப்பப்போ லாகவுட் ஆகுது சார்” என்று டிக்கெட் போடுவார். அந்த ‘அப்பப்போ’ என்ற வார்த்தையை அலட்சியம் செய்யாதீர்கள். நிரந்தரமாக உடைந்ததைவிட அப்பப்போ உடைவது பத்து மடங்கு வேலை.

யூசர்களைப் பற்றிக் கேலி செய்யும் வழக்கம் எங்களிடம் உண்டு. மானிட்டரை மொபைலில் போட்டோ எடுத்து, எரர் மெசேஜின் பாதி வெட்டுப்பட்ட நிலையில், ‘ஒர்க் ஆகல’ என்ற ஒற்றை வரியோடு வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ‘சின்ன சேஞ்ச்தான் சார்’ என்பார்கள். கடுப்பாகத்தான் இருக்கும். ஆனால் மேலே சொன்ன ஊமைப் பழுதுகளைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அவர்கள்தான், மானிட்டரிங் இல்லை. என் நிஜக் கோபம் சாஃப்ட்வேர் வெண்டர் சப்போர்ட் மேல். “ஃபயர்வாலை ஆஃப் பண்ணிட்டுப் பாருங்க, எஸ்இலினக்ஸை டிஸேபிள் பண்ணுங்க, ஃபோல்டருக்கு 777 கொடுங்க.” மூன்றுமே பாதுகாப்பைக் கழற்றி எரரை நிறுத்தும் வழிகள். தவறு எங்கே என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரே வாயையும் பொத்திவிட்டு ‘சால்வ்டு’ என்று டிக்கெட்டை மூடுவார்கள்.

பாஸ்வேர்டை 90 நாளுக்கு ஒருமுறை மாற்றும் விதியும் எனக்கு உடன்பாடில்லாதது. அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டி 2017-இல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே காரணமில்லாமல் அவ்வப்போது மாற்றச் சொல்ல வேண்டாம் என்று வந்துவிட்டது. மனிதர்கள் கடைசி எண்ணை ஒன்று கூட்டுவார்கள், அவ்வளவுதான். ஆடிட்டர் வைத்திருக்கும் தாளில் இன்னும் 90 நாள்தான். மனிதர்களோடு சேர்த்து, பேக்கப் எடுக்கும் சர்வீஸ் அக்கவுன்டுக்கும் அதே விதியைப் போடுவார்கள். மேலே சொன்ன 20 பைட் ஃபைல் பிறப்பது அங்கேதான்.

வெப்சைட் பெயரை ஐபி முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. ‘புரப்பகேட் ஆக (மாற்றம் எங்கும் பரவ) 48 மணி நேரம் ஆகும்’ என்பது பெரும்பாலும் சோம்பேறிப் பதில். ரெக்கார்டில் குறித்திருக்கும் ஆயுள் நேரமான டிடிஎல் எவ்வளவோ அவ்வளவு நேரம்தான் பழைய பதில் கேஷில் (தற்காலிக நினைவில்) இருக்கும். மாற்றுவதற்கு முந்தைய நாளே டிடிஎல்லைக் குறைத்து வைத்தால் ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: ரெக்கார்டை உருவாக்குவதற்கு முன்பே ‘வந்துவிட்டதா’ என்று ஆவலில் தேடிப் பார்த்தால், ‘அப்படி ஒரு பெயர் இல்லை’ என்ற பதிலும் கேஷில் உட்கார்ந்துகொள்ளும். பிறகு நீங்கள் உருவாக்கினாலும் உங்கள் மெஷினுக்கு மட்டும் வராது, பக்கத்து சீட்டுக்காரருக்கு வரும். கிளவுடுக்குப் போனால் இதெல்லாம் தீர்ந்துவிடும் என்பவர்களுக்கு: 2025 அக்டோபரில் அமேசானின் வடக்கு வர்ஜீனியா ரீஜன் தடுமாறியதற்கு வேர், அதன் டேட்டாபேஸ் சேவையான டைனமோடிபியின் டிஎன்எஸ்ஸைத் தானாகப் பராமரிக்கும் இரண்டு பகுதிகள் ஒன்றை ஒன்று மிதித்து, ரெக்கார்டை வெறுமையாக்கியது.

இந்த ஊமைப் பழுதுகளுக்கு நேர் எதிரான உதாரணம் 2024 ஜூலை 19. பாதுகாப்பு சாஃப்ட்வேர் கம்பெனியான கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரு அப்டேட்டில் சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீலத் திரையோடு நின்றன; நம் ஊர் விமான நிலையங்களில் கையால் போர்டிங் பாஸ் எழுதிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு மெஷினிடமும் நேரில் போய், சேஃப் மோடில் ஏற்றி, ஒரு ஃபைலை அழிக்க வேண்டும். டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருந்தால் ரெக்கவரி கீ வேண்டும். அந்தக் கீ இருக்கும் சர்வரும் சில இடங்களில் நீலத் திரையில் நின்றது. உலகம் முழுக்க ஒரே நேரத்தில் அப்டேட்டைத் தள்ளியது மன்னிக்க முடியாத வேலை, அதில் சந்தேகமில்லை. ஆனாலும் அன்று எந்த அட்மினுக்கும் பிரச்சினை எங்கே என்று தேடும் வேலை இல்லை. சிக்கலின் காரணம் அன்றைக்கே ஊரறிய வெளிவந்தது. அது உடம்பு வலிக்கும் வேலை, தலைவலி இல்லை.

வேலையில் சேரலாமா என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். சேருங்கள். இன்டர்வியூவின் கடைசியில் ‘உங்களுக்கு ஏதாவது கேள்வி இருக்கிறதா?’ என்று கேட்பார்கள் இல்லையா, அப்போது “கடைசியாக ஒரு பேக்கப்பை ரீஸ்டோர் செய்து பார்த்தது எப்போது?” என்று கேளுங்கள். தேதி சொன்னால் நல்ல இடம். ‘போன மாசம் பண்ணோம், ஒண்ணு ஃபெயில் ஆச்சு, சரிபண்ணிட்டிருக்கோம்’ என்றால் அதைவிட நல்ல இடம், சம்பளம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் யோசிக்காதீர்கள். ‘பேக்கப் எல்லாம் ஆட்டோமேட்டிக், இதுவரைக்கும் ஒரு பிராப்ளமும் வந்ததில்லை’ என்று பெருமையாகச் சொன்னால், சேர்ந்த முதல் நாளே அந்த ஃபோல்டரைத் திறந்து சைஸ் பத்தியைப் பாருங்கள்.